ஒரு நாளைக்கு எத்தனை செய்தி

எட்டு. கையால் செய்தால், மற்றவர்களைப் போல ஒழுங்காகச் செய்தால், ஒரு நாளைக்கு என்னால் எட்டுச் செய்திகள்தான் முடியும். அலுவலகப் பலகையில் என் பெயருக்கு நேரே பதினாறு என்று எழுதியிருந்ததே, அது பொய். அந்தப் பொய்யை நான் வாயால் சொல்லவில்லை, கையால் செய்தேன். சொல்லியிருந்தாலாவது ஒரு நாள் மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் நாளிதழ் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வெளியில் நாங்கள் பத்திரிகையாளர்கள். உள்ளே வந்து பார்த்தால் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பு வேலை. போலீஸ் அறிக்கை மலாயில் வரும். அமைச்சர் பேச்சும் மலாயில் வரும். வெளிநாட்டுச் செய்தி ஆங்கிலத்தில் வரும். அதையெல்லாம் மாலைக்குள் தமிழில் எழுதி உள்பக்கங்களை நிரப்ப வேண்டும். அப்போது நாங்கள் நான்கு பேர்.

என் பக்கத்து மேசைக்காரர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். சுங்கை வேயிலிருந்து வருவார். கணவர் தவறிவிட்டார், ஒரே மகன் ஜொகூரில் குடும்பத்தோடு இருக்கிறான். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பதினெட்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசை என்றால் அது ஏறக்குறைய ஒரு கல்யாணம். என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததுமே நேற்று எனக்கு வீட்டில் சண்டையா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அக்கா மெதுவாகத்தான் எழுதுவார். ஒரு விபத்துச் செய்தி வந்தால் அதைத் தமிழாக்கிவிட்டு நகர மாட்டார். போலீஸ் நிலையத்துக்கு ஒரு போன், அந்த வட்டாரக் கோயில் தலைவருக்கு ஒரு போன், அங்கே பத்திரிகை விற்கும் கடைக்காரருக்கு ஒரு போன். "ஆளு யாருன்னு தெரியாம எப்படிலா எழுதுறது? நம்ம பேப்பர்ல செத்துட்டாருன்னு போட்டா அவரு செத்தேதான் ஆகணும்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் மலாய்ப் பத்திரிகையையும் கைபேசியையும் பார்த்துவிட்டு, கடைசியில் தமிழ்ப் பத்திரிகையில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் சாவு வீட்டுக்குப் போக வெள்ளைச் சட்டையை எடுப்பார்கள்.

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதான ஆண்டில்தான் என் கோளாறு ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள் கிள்ளானில் டயாலிசிஸ். மதியம் உட்கார வைத்தால் ஏழு மணிக்கு எழுப்பி அனுப்புவார்கள். எழுந்ததும் தலை சுற்றும், கால் நிற்காது. ஒரு தடவை வாசல் படியில் விழுந்து நெற்றியில் ஆறு தையல். அதன் பிறகு நான் போகாமல் அவரை விடுவதில்லை. மகள் பினாங்கில் படிக்கிறாள், வேறு ஆள் கிடையாது. சென்ட்ரலில் ஐந்தே முக்கால் ரயிலைப் பிடித்தால்தான் கிள்ளானுக்கு நேரத்தோடு போக முடியும். எட்டுச் செய்தியை முடிக்கவோ எனக்கு ஆறரை ஆகும்.

ஒரு நாள் நேரம் ஐந்தைத் தாண்டிவிட்டது, கையில் இன்னும் மூன்று செய்தி. மகள் தன் படிப்புக்காக என் கைபேசியிலும் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் போட்டு வைத்திருந்தாள். போலீஸ் அறிக்கையை அதில் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் தமிழில் வந்து நின்றது. நல்ல தமிழ்தான், நம் ஊர்த் தமிழ் இல்லை. நாங்கள் அமைச்சு என்று எழுதுவதை அமைச்சகம் என்றது, மாவட்ட அதிகாரியை ஆட்சியர் ஆக்கியது. அவற்றை மாற்றினேன். மூன்று செய்திக்கும் சேர்த்து இருபது நிமிடம். கழிப்பறையில் உட்கார்ந்து செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை. அந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை.

பிறகு அதுவே பழக்கமாயிற்று. எட்டையும் மூன்று மணிக்கே முடித்துவிடுவேன். முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் சந்தேகம் வருமே என்று இன்னொன்றை எடுத்தேன், அப்புறம் இன்னொன்று. அந்தச் சமயம் பார்த்து எங்கள் நிர்வாகி சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார். யார் எத்தனை செய்தி எழுதினார்கள் என்று தினமும் அதில் எழுதுவார். என் பெயருக்கு நேரே பதினாறு. மற்ற இருவருக்கும் எட்டு, ஒன்பது. அக்காவுக்கு ஏழு, சில நாள் ஆறு.

"எப்படிலா பண்ற?" என்று அக்கா ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். "எனக்குக் கை ஓடவே மாட்டேங்குது. ஏதாச்சும் வழி இருந்தா சொல்லிக் குடேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. பழக்கம்தான்."

வாய் கூசாமல் சொன்னேன். அக்காவிடம் சொன்னால் அவர் யாரிடமும் மூச்சு விட மாட்டார், அது எனக்கு நன்றாகத் தெரியும். பயந்து மறைத்தேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிட மட்டமானது. அக்காவும் பதினாறு எழுத ஆரம்பித்தால் என் பதினாறுக்கு என்ன மதிப்பு? ஆள் குறைப்பார்கள் என்று அப்போதே அலுவலகத்தில் பேச்சிருந்தது. பலகையில் எனக்குக் கீழே ஒரு ஆள் தேவைப்பட்டார். அந்த ஆள் அக்காவாக இருந்தார்.

இரண்டு ஆண்டு இப்படி ஓடியது. போன ஆண்டு தீபாவளி முடிந்து நிர்வாகி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவரும் முழி பிதுங்கித்தான் நின்றார்.

"பேப்பர் காகித விலை ஏறிப் போச்சு. விளம்பரமெல்லாம் போனுக்குப் போயிடுச்சு. தீபாவளி வாழ்த்துக்கூட யாரும் முன்ன மாதிரி முழுப் பக்கம் குடுக்கறதில்ல. பேஸ்புக்ல ஒரு படத்தப் போட்டு முடிச்சிடறாங்க" என்றார். பிறகு, புதிதாக ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருள் வாங்கியிருப்பதாகச் சொன்னார். அது என் கைபேசியில் இருந்ததன் அண்ணன், அவ்வளவுதான். "விக்கிறவன் மூணு மடங்கு ஸ்பீடுன்னு சொல்றான். மேடம் வெறும் கையாலயே பதினாறு பண்றாங்க. மெஷினும் சேர்ந்தா அம்பதுன்னு வெச்சுக்குவோம். நாலு பேரும் இப்ப பண்றதவிட அது அதிகம்லா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெறும் கையால் எட்டுதான் சார், அந்தப் பதினாறே மெஷின்தான் சார் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் இரண்டு ஆண்டு ஏமாற்றியவள் என்று முதலில் என்னை அனுப்புவார்கள். டயாலிசிஸுக்கு அலுவலகம் தரும் உதவி போகும். சொல்லாவிட்டால் ஐம்பது என் தலையில் ஏறும், மற்றவர்கள் போவார்கள். நான் தலையை ஆட்டினேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மூன்று பேருக்கு மாதக் கடைசி வரைதான் வேலை என்று கடிதம் வந்தது. அக்கா அந்த மூவரில் ஒருவர்.

கடைசி நாள் நானும் அக்காவும் கீழே இறங்கி வழக்கமான கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். "அக்கா, அந்தப் பதினாறு..." என்று தொடங்கினேன்.

"தெரியும்லா" என்றார்.

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"நீ பதினெட்டு வருஷமா அமைச்சுன்னு எழுதினவ. ஒரு நாள் உன் செய்தில அமைச்சகம்னு வந்துச்சு. அன்னிக்கே தெரியும். நீ ரயிலுக்கு ஓடினதும் அச்சுக்குப் போற பக்கம் வரும்ல, அப்ப நான் ஒரு தடவ படிச்சிடுவேன். போன தைப்பூசத்துக்கு ரதம் பொறப்படறது ரெண்டு நாளைக்கு முன்னயே, ரோடு மூடறதும் அன்னிக்கே. போலீஸு அறிக்கைலயும் அப்படித்தான் இருந்துச்சு. உன் மெஷினு தைப்பூசத்தன்னிக்கு ரோடு மூடுவாங்கன்னு தலைப்பு போட்டிருக்கு. பத்துமலைக்குப் போற பாதி சனம் மாட்டியிருக்கும். மாத்திட்டேன். காப்பார்ல செத்துப்போன நம்ம ஊர்ப் பையன இந்தியாலேருந்து வந்த தொழிலாளின்னு போட்டிருந்துச்சு. அதயும் மாத்திட்டேன். தினமும் ரெண்டு மூணு இருக்கும்லா."

என் செய்திகளைப் படித்துத் திருத்தவே அக்காவுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம். அதனால்தான் அக்காவின் கணக்கு ஏழாகவும் ஆறாகவும் இருந்தது. மீதம் இருந்த செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதியும் எட்டைத் தொட முடியவில்லை. என் பதினாறைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அவர் பலகையில் கீழே இறங்கியிருக்கிறார்.

"ஏன்கா ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ ஓட மாட்டியே. அவரு அங்க தனியா உக்காந்திருப்பாரு."

அப்படியே மேலே ஓடி நிர்வாகியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இப்ப சொன்னா என்னத் திருப்பி எடுப்பாங்களா? உன்னயும் சேர்த்து அனுப்புவாங்க. நீயாச்சும் இரு" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் அவ்வளவு பலமாக ஒன்றும் பிடிக்கவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து ஐம்பது. படித்துப் பார்க்க நேரமில்லை, மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுவதோடு சரி. நான்கு மேசைக்கு நடுவில் நான் ஒருத்தி உட்கார்ந்து மென்பொருள் துப்புவதை அள்ளி அள்ளிப் பக்கத்தில் போட்டேன். மூன்றாம் வாரம் அது நடந்தது. கிள்ளானில் ஒரே சாலையில், ஒரே நாளில் இரண்டு விபத்துகள். ஒன்றில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொன்றில் ஒருவருக்குக் கால் முறிவு. இடம் போதாமல் இரண்டையும் சேர்த்துச் சுருக்கச் சொன்னேன். மென்பொருள் சுருக்கியது. இருவர் பலி என்று வந்தது. பெயரும் வயதும் சரியாக இருந்தன.

மறுநாள் காலை அந்தக் கால் முறிந்தவரின் மனைவி போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"அவரு உள்ள உக்காந்து மைலோ குடிச்சிக்கிட்டு இருக்காரும்மா. வாசல்ல டெங்கில்லேருந்து சொந்தக்காரங்க வேன் புடிச்சு மாலையோட வந்து நிக்கிறாங்க. அவரோட அக்கா மயங்கி விழுந்துட்டாங்க. உயிரோட இருக்காருன்னு சொன்னா, பேப்பர்ல வந்திருக்கேன்னு என்கிட்டயே சண்டைக்கு நிக்கிறாங்க. நீங்க யாரும் ஒரு போன் அடிச்சுக் கேக்க மாட்டீங்களா?"

அந்த ஒரு போனை அடிக்கும் ஆளைத்தான் நான் அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. மன்னியுங்கள் என்று நாலைந்து தடவை சொன்னேன். மறுநாள் 'வருந்துகிறோம்' என்று சின்னக் கட்டம் போட்டோம்.

நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, "இத்தன வருஷம் இப்படி ஒண்ணு நடந்ததே இல்லயே மேடம்" என்றார். ஒரே தடவை என்பதால் விட்டுவிட்டார். இன்னொரு தடவை நடந்தால், மெஷின் எழுதியதைச் சரியாகப் பார்க்கும் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இரண்டு ஆளுக்குச் சம்பளம் கட்டாது என்பதையும் மறக்காமல் சொன்னார்.

அன்று மாலையே அக்கா அழைத்தார். சுங்கை வேயில் பத்திரிகைக் கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கிறார்.

"பேப்பர்ல வந்தப்புறம் பாத்து என்னலா பிரயோசனம்? அச்சுக்குப் போறதுக்கு முன்ன எனக்கு அனுப்பு" என்றார்.

"வேணாங்கா. இது ரொம்பத் தப்பு."

"செத்தவங்கள சாகடிக்கலாம். உயிரோட இருக்கறவங்கள சாகடிச்சா பாவம்லா. அனுப்பு."

மறுநாள் ரயிலில் ஏறியதும் கைபேசியில் பக்கங்களை அனுப்பினேன். ரயில் ஷா ஆலாம் தாண்டுவதற்குள் திருத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நான் அவற்றை அலுவலகத்தில் பக்கம் வடிவமைப்பவருக்குத் தள்ளிவிட்டேன். அதற்கப்புறம் பத்திரிகையில் பிழை இல்லை. வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறார், சம்பளத்தை நான் வாங்குகிறேன். ஏதாவது கொடுக்கப் பார்த்தேன், வாங்க மாட்டேன் என்றார். நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை.

அக்கா அப்போது உறவுக்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் கல்லாவில் நின்றார். உட்கார நாற்காலி கிடையாது. முழங்கால் வீங்கி, மாலையில் வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் பக்கங்களைப் பார்ப்பதாக ஒரு நாள் வாய் தவறிச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் குரலில் பழைய கலகலப்போடு அழைத்தார்.

"இன்னொரு பேப்பர்ல பிழை பாக்கற ஆளு வேணுமாம்லா. போய்ப் பாத்துட்டு வந்தேன். அந்த ஓனருக்கு என்னப் புடிச்சிருக்கு. உக்காந்து பாக்கற வேல. கெடச்சிடுச்சுன்னா கடைக்காரன்கிட்ட நாளைக்கே சொல்லிடுவேன்."

கிடைக்கும் அக்கா என்றேன். பத்துமலை முருகனுக்கு மனசுக்குள் பால்குடம் நேர்ந்துகொண்டேன். அதில் பாதி அவருக்காக, பாதி எனக்காக. அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நானும் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தேன்.

அந்த வாரமே நிர்வாகி தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. அந்தப் பக்கம் இன்னொரு பத்திரிகையின் உரிமையாளர். இருவரும் நண்பர்கள்.

"இவங்கதான் நான் சொன்ன மேடம். அம்பது செய்தி, ஒத்த ஆளு, ஒரு பிழை கெடயாது. நீங்களே கேட்டுக்குங்க" என்றார் எங்கள் நிர்வாகி. முகத்தில் பெருமை.

"வணக்கம்மா. நாங்களும் அந்த மெஷின்தான் வாங்கியிருக்கோம்" என்றது குரல். "ஒண்ணுதான் கேக்கணும். அது எழுதறதப் படிச்சுப் பாக்க தனியா ஒரு ஆளு வேணுமா? ஒரு அம்மா வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. அனுபவசாலி. எடுக்கலாம்னுதான் இருக்கேன். உங்க பாஸு என்னடான்னா தேவயே இல்லங்கறாரு."

வேணும் சார், கட்டாயம் வேணும், அந்த அம்மாவையே எடுங்கள். இதுதான் பதில். இது என் வாய்வரை வந்தது. எதிரே நிர்வாகி சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேணும் என்று சொன்னால் அவர் அடுத்துக் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். அப்படின்னா நம்ம பக்கத்த யாரு பாக்கறா?

"வேணாம் சார். நான் ஒருத்திதான் பாக்கறேன்" என்றேன்.

"ஓகே, ரொம்ப நன்றிம்மா" என்றார் அவர். நிர்வாகி எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று திங்கட்கிழமை, டயாலிசிஸ் நாள். ஐந்தே முக்கால் ரயிலில் நின்றுகொண்டே பக்கங்களை அனுப்பினேன். சுபாங் தாண்டியும் பதில் வரவில்லை. அக்கா ஒருவேளை இனிமேல் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன, எது பெரியது என்று சத்தியமாகத் தெரியவில்லை. ஷா ஆலாமில் கதவு திறந்து மூடும்போது குரல் பதிவு வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"அங்க ஆளு வேணாம்னு சொல்லிட்டாங்கலா. மெஷினே போதுமாம், வேற எங்கயோ ஒரு பொம்பள தனியாவே எல்லாத்தயும் பாத்துக்குறாளாம். போவுது விடு, கடையிலயே நிக்கறேன். நீ அஞ்சாம் பக்கத்தப் பாரு. அந்த லோரி விபத்துல மூணு பேருன்னு போட்டிருக்கு. நான் போன் போட்டுக் கேட்டேன், ரெண்டு பேருதான். மூணாவது ஆளு ஆஸ்பத்திரில இருக்காரு. மறக்காம மாத்து."

மூன்றை இரண்டாக்கி அனுப்பினேன். நன்றி அக்கா என்று தட்டினேன். கிள்ளானில் இறங்கும்போது மணி ஏழு.